குடை மாட்டிய முதுகு

கடைசியில் அம்மா சம்மதித்துவிட்டாள். போன வாரம் முழுக்க, "என் புத்தகத்தை மேடை ஏத்தினா நான் அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தாளே, அதே அம்மாதான். அண்ணன் விடவில்லை. "நாடகம்னு நெனச்சுக்காதம்மா. நடிக்க யாருமே கிடையாது. நீ உட்கார்ந்து படி, நான் பக்கத்துல வயலின் வாசிக்கிறேன், சின்னவ வரைவா. முடிஞ்சுது கதை" என்று சொல்லிச் சொல்லியே கரைத்துவிட்டான். அவனோடு மல்லுக்கு நிற்பதைவிடச் சரி என்று சொல்வது சுலபம் என்பது அந்த வீட்டில் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டது.

புத்தகத்தின் பெயர் 'படிக்கட்டுக்குக் கீழே ஒரு வீடு'. அம்மா தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய தன்கதை. ஒரு பெரிய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் ஒற்றை அறையில், அவளும் அவள் தம்பியும் வளர்ந்த கதை. படித்தவர்கள் எல்லாம் அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அம்மாவைப் பெற்றவள் ஆஸ்பத்திரியில் இறக்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. 'அன்று அந்த நாற்காலியில் இருக்க வேண்டியவர் படி இறங்கிப் போய்விட்டார்' என்று அம்மா ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள். யார் அந்த ஆள்?

"அந்த ஒரு வரி எழுதினதே அதிகம்" என்பாள் அம்மா. பெற்ற பிள்ளைகளுக்கும் அதே பதில்தான்.

அந்த வரிதான் இன்று மத்தியானம் எல்லோரையும் காவு வாங்கியது.

நூலகத்தின் மாடியில் இருந்த கூடத்தில் ஒத்திகைக் காட்சி. நாளைதான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வெளி ஆட்கள் வருவார்கள். இன்றைக்கு வந்தவர்கள் தெரிந்தவர்கள்: அம்மாவோடு வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள், அண்ணனிடம் வயலின் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர். இரண்டாவது வரிசையில் நடுநாயகமாக மாமா. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாவின் தம்பி. கூடத்தில் பாதிப் பேர் மூக்கின்மேல் அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான் இருந்தது. பிறகு நடந்ததை நினைத்தால் அந்தக் கண்ணாடிகள் அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

மேடையில் நடுவில் அம்மா, ஒரு மேசை, ஒரு விளக்கு. இடது பக்கம் அண்ணன் வயலினோடு. வலது பக்கம் தாழ்வான பலகைமேல் பெரிய காகிதத்தை விரித்து, கரித்துண்டோடு சின்னவள். பலகைக்கு மேலே கேமரா ஒன்று கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அவள் கை போடுகிற ஒவ்வொரு கோடும் அம்மாவுக்குப் பின்னால் திரையில் ஆள் உயரத்துக்கு எழும்பும். கூடத்துக்கே தெரியும், அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

அண்ணன் இரண்டு சட்டம் போட்டிருந்தான். ஒன்று, அழிக்கக் கூடாது. "அம்மா எதையாவது அழிச்சு எழுதினாளா? நீயும் அழிக்காத." இன்னொன்று, வில் நிற்கும்வரை கரி நிற்கக் கூடாது. வயலின் ஒலித்துக்கொண்டிருக்கும்போது கை சும்மா இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடுமாம்.

சின்னவள் குழந்தைகள் பத்திரிகைகளுக்குப் படம் போடுகிறவள். முயல், யானை, தொப்பி போட்ட எலி. அழிப்பான் இல்லாமல் அவள் பிழைப்பே ஓடாது. ஆனாலும் ஒரு மாதமாகப் பழகிவிட்டாள். ஒன்பதாம் அத்தியாயத்துக்கு என்ன வரைய வேண்டும் என்பது மனப்பாடம்: கட்டில், பக்கத்தில் காலி நாற்காலி, கதவு, கதவுக்கு வெளியே கீழே இறங்கும் படிகள். அம்மா அந்த வரியைப் படிப்பாள். வயலின் நிற்கும். அவள் கரியைக் கீழே வைப்பாள்.

இன்றைக்கு அம்மா அந்த வரியைப் படித்தாள். வயலின் நிற்கவில்லை.

அம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டில் எத்தனையோ முறை சரளமாகப் படித்த வரிதான். எதிரே ஆட்களை வைத்துக்கொண்டு படித்தபோது கழுத்தைப் பிடித்துவிட்டது. தண்ணீர் டம்ளரைத் தேடினாள், குடித்தாள், மறுபடி குடித்தாள். அண்ணன் கெட்டிக்காரன். மௌனத்தை நிரப்ப அதே மெட்டை இழுத்துக்கொண்டே போனான், 'நீயும் நிறுத்தாதே' என்று கண்ணால் தங்கைக்குச் சொன்னான்.

கட்டில் முடிந்துவிட்டது. நாற்காலி முடிந்துவிட்டது. படிகள்தான் காலியாகக் கிடந்தன.

சின்னவள் படியில் ஓர் ஆளை வரைய ஆரம்பித்தாள். யாரென்று யோசிக்கவில்லை. இறங்கிப் போகிற ஒருவன், முதுகு மட்டும் போதும். கை தானாக ஓடியது. தலை, கழுத்து, வலது தோள். இடது தோள் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது.

கூடத்தில் யாரோ 'ஹா' என்று மூச்சை இழுத்தார்கள். அப்புறம் இன்னொருவர்.

அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. இங்கே அவளுக்காக நான் பொய் சொல்லப் போவதில்லை. நன்றாகவே விழுந்தது, இனிக்கவும் செய்தது. எலிக்குத் தொப்பி போட்டுக் காலம் தள்ளியவளுக்கு, இருட்டில் இருநூறு பேர் தன் கையைப் பார்த்து மூச்சை இழுக்கிறார்கள் என்றால் சும்மாவா? படம் யாரைப் போலவோ வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. யாரைப் போல என்பதும் அடுத்த நொடியே புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். படியைக் கறுப்பாகத் தீட்டி ஆளை மறைத்திருக்கலாம். அதற்கெல்லாம் நேரம் இருந்தது.

அவள் குடையை வரைந்தாள்.

சட்டைக் காலரின் பின்புறம் கைப்பிடி மாட்டி, முதுகெலும்போடு நேராகத் தொங்கும் குடை. கடைவீதியில் அப்படிக் குடையை மாட்டிக்கொண்டு நடக்கிறவர் ஒரே ஒருவர்தான். இரண்டு கையிலும் கண்ணாடிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கப் போகிறவர். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. இரண்டாவது வரிசைப் பக்கம் தலைகள் திரும்பின. ஒரு குழந்தை சத்தமாகவே, "அது கண்ணாடிக்கடைத் தாத்தாதானே?" என்று கேட்டது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

அம்மா டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தாள். வயலின் அப்போதுதான் நின்றது.

மாமா எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. நாற்காலிக்கு அடியில் இருந்த குடையை எடுத்தார். பழக்கத்தில் கை காலர் வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நின்றது. பிறகு குடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனார். அவர் இடது தோள் சரிந்துதான் இருந்தது. திரையில் ஒரு முதுகு, வாசலில் ஒரு முதுகு. சின்னவளுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

மீதி மூன்று அத்தியாயங்களை அம்மா எப்படிப் படித்து முடித்தாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது.

காட்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையில் மூவரும் நின்றார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டி, "ரொம்பப் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டில் சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உனக்கு மூளை இருக்கா?" என்று அண்ணன் பாய்ந்தான். "ஒரு மாசமா படி மட்டும்தானே வரைஞ்ச? ஆளை யாரு கேட்டா?"

"நீதானே நிறுத்தாதன்னு கண்ணைக் காட்டின."

"கோடு போடச் சொன்னேன். மாமாவைப் போடச் சொன்னேனா? பாவம்டி அவரு. ஒரு சம்பந்தமும் இல்லாத மனுஷனை ஊருக்கு முன்னாடி..."

"வேணும்னு செய்யலை அண்ணா. சும்மா ஒரு முதுகுதான் வரைய நெனச்சேன். நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடலாம், தப்பா வந்துடுச்சுன்னு..."

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதுவும் மாமா போட்டுக் கொடுத்ததுதான்.

"உனக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"எதை?"

"அவன்தான்னு உனக்கு யாரு சொன்னது?"

அண்ணனின் கோபம் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் அம்மாவையே பார்த்தாள். அம்மாவும் தன் வாயிலிருந்து வந்ததை அப்போதுதான் கேட்டவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்படியானால் நிஜம். இத்தனை வருஷமாக யார் யார் என்று ஊர் கேட்ட ஆள், தன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போன மாமாதான்.

சின்னவள் கையைக்கூடக் கழுவவில்லை. இறங்கி ஓடினாள்.

கடைவீதியில் விளக்குப் போடுகிற நேரம். மாமாவின் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். நாலு சுவரிலும் காலி ஃப்ரேம்கள், நடுநடுவே முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடிகள். மாமா கண் பரிசோதனை செய்யும் நாற்காலியில், வாடிக்கையாளர் உட்கார வேண்டிய இடத்தில், உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகப் போகும் எழுத்துப் பலகை எரிந்துகொண்டிருந்தது.

"வா கிறுக்கி" என்றார். சின்ன வயதில் அவர் வைத்த பெயர். எப்போதும் சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார்.

ஓடி வரும்போது எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள்.

"மாமா... அம்மா என்கிட்ட எதுவும் சொல்லலை. சத்தியமா."

"சொல்லாம எப்படி வரும்? முதுகுன்னா முதுகு, அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி வந்துதே." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தா உங்கம்மா. அவ கல்யாணத்துக்கு முன்னாடி. நானும் நம்பிட்டேன்."

"இல்ல மாமா. நான் அஞ்சு வருஷம் உங்க பின்னாடிதானே நடந்தேன்? பள்ளிக்கூடத்துக்கு. ரெண்டு கையிலயும் பெட்டி இருக்கும், என் கையைப் பிடிக்க முடியாது, 'குடை நுனியைப் புடிச்சுக்கோ'ன்னு சொல்வீங்க. உங்க முதுகைத் தவிர எனக்கு எதிர்ல ஒண்ணுமே தெரியாது. ஒரு ஆளோட முதுகுன்னு யோசிச்சா எனக்கு உங்க முதுகுதான் வரும். வேற முதுகு எனக்கு வரையவே வராது மாமா."

மாமா அவளை ஏறிட்டுப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. அவள் அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். தப்பித்திருக்கலாம்.

"ஆனா குடையை வேணும்னேதான் வரைஞ்சேன்" என்றாள். முகம் எரிந்தது. "தோள் வரைஞ்சப்பவே எல்லாரும் மூச்சை இழுத்தாங்க. எனக்கு... அது நல்லா இருந்துது. இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும்னு தோணிச்சு. உங்களுக்கு எப்படி இருக்கும்னு நெனக்கவே இல்ல. நான் ரொம்பக் கேவலமானவ மாமா."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்த கரிக்கை முகமெல்லாம் கறுப்பைப் பூசியது. மாமா அவளை அழ விட்டார். ஒன்றும் இல்லை, விடு என்று சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

"என் முதுகை நான் பார்த்ததே இல்ல தெரியுமா?" என்றார் கொஞ்சம் பொறுத்து. "கடை பூரா கண்ணாடி மாட்டி வெச்சிருக்கேன். எல்லாம் மூஞ்சி பார்க்கத்தான். இன்னைக்குத்தான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே தெரிஞ்சு போச்சு, இவன்தான் போனவன்னு."

"மாமா, விடுங்க..."

"இல்ல, கேளு. உங்கம்மா மருந்து வாங்கப் போயிருந்தா. நான் நாற்காலியில உட்கார்ந்திருக்கணும். எனக்குப் பதினேழு வயசு. எங்கம்மா மூச்சு விடற சத்தம் இருக்கே... எனக்குப் பயமாயிடுச்சு. சும்மா கீழ போயி நின்னுட்டு வரலாம்னு இறங்கினேன். வாசல்ல ஒரு வித்தைக்காரன். காதுல போட்ட காசை மூக்குல எடுக்கறான். கூட்டமா நின்னு சிரிக்கிறாங்க. நானும் நின்னேன்."

அவர் எழுத்துப் பலகையையே பார்த்தபடி பேசினார்.

"போனது கூடப் பரவாயில்ல கிறுக்கி. பயந்தா யாரும் போவாங்க. நான் அங்க நின்னு சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். மேல வந்தா, படுக்கை விரிப்பை மடிச்சுக்கிட்டு இருக்காங்க. என் வாயில இன்னும் சிரிப்பு இருந்துது."

ஷட்டருக்கு வெளியே இரண்டு கால்கள் நின்றன. செருப்பைப் பார்த்ததுமே அம்மா என்று சின்னவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து உள்ளே வந்தாள்.

"நான் சொல்லலைடா" என்றாள்.

"தெரியும் அக்கா. இப்பத்தான் இவ சொன்னா."

"நாளைக்கு அந்த அத்தியாயமே வேணாம்னு பெரியவன்கிட்ட சொல்லிட்டேன். புத்தகத்துல அடுத்த பதிப்புல அந்த வரியையும் எடுத்துடச் சொல்றேன். நான் உன் பேரைப் போடலையேடா. ஒரு இடத்துலயும் போடலையே."

"பேர் இல்லாட்டியும் எனக்குத் தெரியுமே அக்கா" என்றார் மாமா. "நான் ஒருத்தன் படிச்சேனே."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"புத்தகம் வந்த அன்னைக்கு முதல் பிரதியை எனக்குத்தான் குடுத்த. கடையைச் சாத்திட்டு இதே நாற்காலியில உட்கார்ந்து படிச்சேன். அப்புறம் ஒவ்வொருத்தரா வருவாங்க. நான் கண்ணுக்கு அளவெடுக்கறப்ப, 'உங்க அக்கா புத்தகம் அற்புதம், அந்தப் படி இறங்கிப் போன பாவி யாரு சார்?'னு கேப்பாங்க. கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே, 'இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா'ன்னு நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

அம்மாவின் தலை மெல்லக் குனிந்தது. புத்தகத்துக்காக எத்தனையோ மேடையில் மாலை வாங்கிய கழுத்து அது. தன் தம்பி அந்த வரியைப் படிப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுதினாள். பெயர் போடாததைப் பெருந்தன்மை என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் வரைந்த குடையும் தான் எழுதிய வரியும் ஒரே கையின் வேலைதான் என்று இப்போது புரிந்து, கூசிப்போய் நின்றாள்.

"மன்னிச்சுடுடா" என்றாள்.

மாமா எழுந்து எழுத்துப் பலகை விளக்கை அணைத்தார். நாற்காலிக்கு மேலே இருந்த வெள்ளை விளக்கைப் போட்டார். மறுபடி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சின்னவள் அவரைக் கண்ணாடி இல்லாமல் பார்த்ததே இல்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அந்த முகத்தில் இன்னும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கிறுக்கி, கரி கொண்டாந்திருக்கியா?"

பையில் கை விட்டாள். ஒரு துண்டு இருந்தது.

"வரை."

"என்ன மாமா?"

"என் மூஞ்சியை. முதுகு வரைஞ்சு எல்லாரும் பார்த்தாச்சு. நாளைக்கு அந்த ஆளைத் திருப்பி நிக்க வை. நான் முன் வரிசையில வந்து உட்கார்றேன். இப்பவே ஒரு தடவை வரைஞ்சு பழகிக்கோ, நாளைக்கு அழிக்க முடியாதுல்ல?"

"வரையாத" என்றாள் அம்மா. "என் பேச்சைக் கேளு. வரையாத. இவன் கடை வெச்சுப் பிழைக்க வேணாமா? நாளைக்கு இந்தத் தெருவுல எப்படி நடப்பான்?"

"அக்கா, எத்தனை வருஷமா நடந்துட்டுத்தானே இருக்கேன்" என்றார் மாமா. அவர் கண்கள் சின்னவளிடமும் போகவில்லை, அக்காவிடமும் போகவில்லை. நேரே பார்த்தபடி, அளவெடுக்க உட்கார்ந்த வாடிக்கையாளரைப் போல அசையாமல் இருந்தார்.

கண் பரிசோதனைச் சீட்டு ஒன்றைக் கவிழ்த்துச் சின்னவள் மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் இருநூறு பேருக்கு முன்னால் தானாக ஓடிய கை அது. இப்போது நெற்றியின் முதல் கோட்டையே மெல்ல, பார்த்துப் பார்த்துப் போட்டது.